குடித்துக் காட்டிய பை

எனக்குச் சந்தேக புத்தி. வீட்டில் அதை ஒரு வியாதி மாதிரிதான் பேசுவார்கள். பாலை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். தராசைப் பார்க்காமல் தக்காளி வாங்க மாட்டேன். "கண்ணாலம் ஆன புதுசுல எம் மூஞ்சியையே ஒரு வருசம் உத்து உத்துப் பாத்தாளுங்க" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தப் புத்திதான் எனக்குச் சோறு போடுகிறது.

படித்தது ரசாயனப் பொறியியல். புதிதாக ஒரு தயாரிப்பு முறை கண்டுபிடித்து "இது மண்ணுக்கு நல்லது, தண்ணிக்கு நல்லது" என்று யாராவது கிளம்பினால், அது நிஜமா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. மூலப்பொருள் எந்தக் காட்டில் விளைகிறது என்பதில் தொடங்கி, கடைசியில் எந்தக் குப்பையில் விழுகிறது என்பதுவரை பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களைப் பார்க்கப் போவேன். தண்ணீர் பளிச்சென்று வெளியே வரும். "சரிங்க, அதுல இருந்த உப்பு எங்க போச்சுங்க?" என்று கேட்டால் போதும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசர போன் வந்துவிடும்.

போன வருடம் பொள்ளாச்சிச் சந்தை வியாபாரிகள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். ஜவ்வரிசி செய்கிற அதே குச்சிக்கிழங்கு மாவில் ஒருவர் கேரி பை செய்கிறாராம். மாடு தின்றாலும் ஒன்றும் ஆகாதாம். சந்தை முழுக்க அதையே வாங்கிவிடலாமா என்று நான் சொல்ல வேண்டும். அந்தச் சந்தையில் கட்டியிருக்கிற மாடுகள், கீழே கிடக்கிற பையைக் காய்கறித் தோலோடு சேர்த்து மெல்லுவதைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன ஒரு பசுவின் வயிற்றிலிருந்து மாட்டு டாக்டர் பிளாஸ்டிக்கைக் கை கையாக அள்ளிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். நான் சரி என்று கையெழுத்துப் போட்டால், இனி யாரும் பையைக் கீழே போட யோசிக்க மாட்டார்கள்.

பை செய்பவருக்கு ஈரோட்டுப் பக்கம் தோட்டம். தோட்டத்திலேயே ஒரு ஓரமாக ஷெட் போட்டு மெஷின் வைத்திருந்தார். பேச்சில் அத்தனை மரியாதை. நான் உட்காருவதற்குள் சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு பையை எடுத்து, சுடுதண்ணீர் டம்ளரில் போட்டுக் கலக்கினார். கரைந்தே போய்விட்டது. பாதியைக் குடித்துவிட்டு, மீதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்களும் ஒரு மொடக்கு குடிச்சுப் பாருங்க. கஞ்சி மாதிரித்தானுங்க இருக்கும்."

குடித்தேன். கஞ்சியேதான். அடடா, இந்த மனுசன் சாதித்துவிட்டாரே என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

கார் ஏறும்போதுதான் உறைத்தது. பத்தடி தள்ளி மெஷினில் சுருள் சுருளாகப் பை வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒன்றைக் கிழித்துப் போடாமல் எதற்குப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார்? திரும்பிப் போய், ஒரு சுருளும், பாக்கெட்டில் இருந்ததைப் போல இன்னொரு பையும் கேட்டு வாங்கினேன். பாக்கெட் பையை இழுத்தால் பட்டென்று கிழிந்தது. சுருள் பை பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரி நீண்டுகொண்டே போனது. மூலப்பொருள் பட்டியலின் கடைசி வரியில் "இதர சேர்மானம்" என்று மட்டும் இருந்தது. என்ன சேர்மானம் என்று கேட்டேன். "அது தொழில் ரகசியமுங்க" என்றார்.

இரண்டு பையையும் எங்கள் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்து வைத்தேன். ஒரு மழைக்காலம் போன பிறகு தோண்டினால், பாக்கெட் பை இருந்த இடமே தெரியவில்லை. சுருள் பையைக் கழுவினால் அதில் தயிர்சாதமே கட்டிக் கொண்டுபோகலாம். "செடிக்கு ரெயின் கோட்டு தெச்சுப் போட்டிருக்கியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஊட்டு மண்ணுல சூடு பத்தாதுங்க. பெரிய உரக்குழியில போட்டா மக்கிப்போயிருமுங்க" என்றார். அப்படி மக்குகிற ரகமும் உண்டு என்பது நிஜம்தான். இனிமேல் வெளியே பரிசோதனைக்கு அனுப்பினால் பதில் வர இன்னும் நாளாகும். மழைக்காலம் முழுக்கப் பொறுத்த வியாபாரிகளோ இப்போது தினமும் போன் செய்கிறார்கள். ஒரு நல்ல மனுசனை வீணாகச் சந்தேகப்படுகிறோமோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அவருடைய பசு நின்றது. சினை மாடு. பேச்சோடு பேச்சாக அதற்குப் புண்ணாக்கை ஊட்டிக்கொண்டிருந்தார். நாக்கை நீட்டி அவர் கையை நக்குகிறது, அவரும் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, தொட்டியில் ஊறிய தவிட்டில் அந்தச் சுருள் பையை முக்கி, சுருட்டி, மாட்டின் பக்கம் நீட்டினேன். கொடுக்கிற எண்ணம் சத்தியமாக இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் நீட்டினேன்.

பசு கழுத்தை எட்டி நீட்டியது. அவர் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"வேண்டாமுங்க! வாயில்லா ஜீவனுங்க அது!"

என் கை அப்படியே நின்றது. அவரும் நின்றார். தவிட்டுத் தண்ணீர் என் முழங்கை வழியாகச் சொட்டியது.

"சந்தைக்கு வாரதும் மாடுதானுங்களே?" என்றேன்.

அவர் மாட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் இறுக்கிக் கட்டினார். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வெறும் மாவுன்னா மெஷின்ல நிக்க மாட்டேங்குது. பாதிக்கு மேல சாதா பிளாஸ்டிக்குத்தான்."

அவர் பேச்சில் முதல் தடவையாக 'ங்க' இல்லை. அவர் சொன்னது மாட்டிடம். நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.