கொட்டகையில் ஓட்டிப் பார்த்த இரண்டு பிராசசர்கள்

எங்கள் தெருவில் முதன்முதலில் கம்ப்யூட்டர் படித்தவள் நான். அதற்காக யாரும் என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. ரேடியோ பாடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தை அரசாங்கம் எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தது. பட்டா வந்தது, நிம்மதி வரவில்லை. அந்த வயல்களில் ஒரு பகுதி தங்களுடையது என்று மிராசுதாரின் வாரிசுகள் கிளம்பினார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் தகராறும் புதிதாக முளைத்தது. கடைசியில், எல்லை முடிவாகும்வரை இரு தரப்பும் வயலில் இறங்கக் கூடாது என்று வருவாய்த்துறை அதிகாரி தடை போட்டுவிட்டார். அம்மா தினமும் வரப்புவரை போய் நின்றுவிட்டுத் திரும்புவாள்.

எதிர்த்தரப்பு கம்ப்யூட்டரில் வரைந்த வரைபடத்தைத் தாக்கல் செய்தது. எங்களிடமும் அதேபோல் ஒன்று கேட்டார்கள். தஞ்சாவூரில் வரைந்து தருபவர் இன்று, நாளை என்று இழுத்தடித்தார். மிராசுதார் வீட்டு வேலையும் அவரிடம்தான் நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வருவதற்குள் படத்தைக் கொடுக்காவிட்டால் குறுவைச் சாகுபடி போய்விடும்.

"நாமளே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடுவோம். நீ வரைஞ்சிடு" என்றார் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். அவரை எல்லோரும் தோழர் என்றுதான் கூப்பிடுவோம்.

இருவரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். கடையில் ஏசி குளுகுளுவென்று இருந்தது. கடைக்காரர் இரண்டு கம்ப்யூட்டர்களைக் காட்டினார். ஒன்றில் பேர்பெற்ற, விலை கூடிய பிராசசர். மற்றதில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்று. இரண்டிலும் ஒரே படத்தைத் திறந்தார். விலை கூடியது பறந்தது. தோழர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குச் சந்தேகம். மூடியைக் கழற்றச் சொன்னேன். பறந்த கம்ப்யூட்டரில் மெமரி இரண்டு மடங்கு.

"ரெண்டுலயும் ஒரே மெமரி போடுங்க சார். அப்புறம் பேசலாம்" என்றேன்.

முனகிக்கொண்டே மாற்றினார். நான் எடுத்துப்போயிருந்த சிடியில் எங்கள் ஊரின் பழைய நில அளவைப் படங்கள் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரைபடமாக்கும் வேலையை இரண்டுக்கும் கொடுத்தேன். அப்போதும் விலை கூடியதே முந்தியது. வித்தியாசம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். வாங்கிவிடலாம் என்று நானும் நினைத்தேன். எதற்கோ பின்பக்கம் கை வைத்தேன். அந்தக் குளிரிலும் அனல் அடித்தது. கம்ப்யூட்டரை வைக்கப்போகும் எங்கள் சங்கக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, காலமோ அக்கினி நட்சத்திரம்.

"ரெண்டையும் எங்க ஊருக்குக் கொண்டாங்க சார். அங்க ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கிறோம்."

அவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் என்ன உழவு மாடா மேடம், ஏர் பூட்டிப் பாத்து வாங்குறதுக்கு?"

"எங்க ஊர்ல மாட்டையே எங்க வயல்ல பூட்டிப் பாத்துட்டுத்தான் சார் வாங்குவோம்."

தோழர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். எதிர்ச்சாரியில் இன்னொரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வருவதாக ஒத்துக்கொண்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் வேனில் வந்து இறங்கினார். கொட்டகைக்குள் தெருவே கூடிவிட்டது. "எல்லாரும் வெளியில போங்க. உங்க மூச்சுக்காத்தே ஒரு அடுப்பு" என்று விரட்டினேன். அம்மா மட்டும் வாசல்படியை விட்டு நகரவில்லை.

இரண்டையும் ஒன்றாகக் கிளப்பினோம். விலை கூடியது முன்னால் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தயங்கியது. பாதிப் படம் ஒட்டியபோது திரை கறுத்து, பெட்டியே அணைந்துவிட்டது. ஆறவிட்டுத் திரும்பப் போட்டோம், அதே இடத்தில் படுத்துக்கொண்டது. மற்றது அவசரப்படவே இல்லை. பம்பு செட்டுகள் ஓடி வோல்டேஜ் இறங்கி, லைட் மங்கியபோதும் வேலையை விடாமல், எங்கள் ஊரை முழுசாக ஒட்டி முடித்தது.

"பெரிய ஃபேனா ஒண்ணு வச்சா இதுவும் ஓடும்" என்றார் கடைக்காரர்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

தோழருக்கு மனசு ஆறவில்லை. "மிராசுதார் வீட்டுக்கு வரையறவன்கிட்ட வேகமானது இருக்கு. நமக்கு மட்டும் மெதுவானதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதியில நிக்கறது என்ன வேகம், தோழர்? எனக்கு முடிச்சுக் குடுக்கறது போதும்."

அதையே வாங்கினோம். கரண்ட் இருந்த நேரமெல்லாம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். வியர்வை கீபோர்டில் சொட்டும், துடைத்துக்கொண்டு வரைவேன். தண்ணீர் திறக்கும் முன்பே படம் அதிகாரி மேஜைக்குப் போய்விட்டது.

அவர் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு வயலுக்கே வந்தார். சர்வேயர் சங்கிலி பிடித்தார். எங்கள் படம் காட்டிய இடத்தில் மண்ணைத் தோண்டியதும் பழைய எல்லைக்கல் தட்டுப்பட்டது. எதிர்த்தரப்பின் படத்தில் அந்தக் கல்லே இல்லை. அதிகாரி அங்கேயே நின்று, தடையை நீக்குவதாகச் சொன்னார். மிராசுதார் வீட்டு ஆட்கள் அவரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.