வேலை செய்யாத சிப் ஒன்று வேண்டும்

பல்செட்டம்மா செய்து கொடுத்த பற்களைக் காட்டிச் சிரிப்பவர்கள் அந்தத் தெருவில் மட்டும் பதினோரு பேர் இருந்தார்கள். எதிரே வருகிறவர் சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பதற்கு முன்னால் பல்செட்டம்மாவின் கண் நேரே கடைவாய்க்குப் போய்விடும். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி வைப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தூக்கி விட்ட நிலையில் இருக்கும். சில நாள் அதோடேயே கடைக்குப் போய் வந்துவிடுவார்.

ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு இன்னொரு பைத்தியம் பிடித்தது. மெழுகு உருக்கும் அடுப்பின் சூட்டுக் கட்டுப்பாடு ஒருநாள் செத்துப்போனது. பழுது பார்ப்பவர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று பத்து நாள் இழுத்தடித்தார். பதினோராம் நாள் பல்செட்டம்மா மின்னணுச் சாமான் விற்கும் பாகக்கடையில் ஒரு சின்னப் போர்டு வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம், நடுவில் இருபத்தெட்டுக் கால்களோடு பூரான் மாதிரி ஒரு சிப். நாலு வீடியோ பார்த்து, மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டு, அடுப்புக்கு உயிர் கொடுத்தார். அன்றிலிருந்து பிளாஸ்டர் இறுகக் காத்திருக்கும் நேரமெல்லாம் சிப்புக்குத்தான்.

அவர் கணவர் தெருமுனையில் சாவிக்கடை வைத்திருந்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தே அதன் வயதைச் சொல்லும் மனிதர். அவருக்கு சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளில், பல்செட்டம்மா வீட்டிலிருந்த பிஸ்கட் டப்பாக்களையெல்லாம் சமையலறையின் மேல் அலமாரியில் வைத்து ஒரு பூட்டைப் போட்டார். வருகிறவர்களுக்குக் கொடுக்க வீட்டில் பிஸ்கட் இல்லாமல் முடியாது என்பது அவர் கட்சி.

சாவிக்காரர் வீட்டில் பூட்டுப் போடுவதைப் போன்ற வெட்டிவேலை உலகத்தில் வேறில்லை. முதல் பூட்டு ஒருநாள்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது, நம்பர் வைத்த பூட்டு. தேநீர் ஆறுவதற்குள் திறந்துவிட்டார். மூன்றாவதைத் திறந்ததோடு நிற்காமல், மனைவியிடம் வந்து சொல்லவும் செய்தார்.

"அந்தப் பூட்டு ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். உனக்குக் கை வலிக்குமேன்னு."

"எனக்குக் கை வலிக்குதோ இல்லையோ, உங்களுக்குக் கை நமநமங்குது" என்றார் பல்செட்டம்மா. பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாளில் அலமாரிக்குள் இன்னொரு போர்டு ஏறியது. கதவில் ஒரு குட்டிக் காந்தம். கதவுச் சட்டத்தில், காந்தம் விலகினால் தெரிந்துகொள்ளும் ஒரு சுவிட்ச். கதவு திறந்த கணமே முன்னறையில் மணி அலறும். சாவிக்காரர் அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூட ஓசைப்படாமல் கழற்றிவிட்டு, பூனை மாதிரி அலமாரிக்குப் போனார். வீடே அதிர்ந்தது. கையில் பிஸ்கட்டோடு அவர் திரும்பியபோது, வாசற்படியில் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மனைவி நின்றிருந்தார்.

"பூட்டுன்னா அதுல ஒரு ஓட்டை இருக்கணும்" என்றார் சாவிக்காரர், மிகவும் மனம் நொந்து. "இது நியாயமே இல்ல."

நாலு நாள் வீட்டில் அமைதி. ஐந்தாம் நாள், மணிச் சத்தம் காதைக் குடைகிறது என்று அதைக் கொஞ்சம் குறைக்கப் பல்செட்டம்மா போர்டைக் கணினியோடு இணைத்தார். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அரைமணி நேரம் தேடியபிறகு காரணம் கேபிள் என்று தெரிந்தது. சாவிக்காரர் தன் டார்ச் விளக்கைச் சார்ஜ் செய்ய நல்ல கேபிளை எடுத்துப் போய்விட்டு, அதே இடத்தில் டார்ச்சின் கேபிளை வைத்திருந்தார். அதில் மின்சாரம் மட்டும்தான் போகும். பேச்சு வார்த்தை போகாது.

"ஓகோ! கம்பி மாறினாலே படுத்துடுமா இது?" என்று சாவிக்காரர் கேட்டார். கேட்ட விதம் பல்செட்டம்மாவுக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. யாராவது சிப்பைப் பற்றிக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"கம்பி மட்டுமா? சிப்புக்குள்ள பூட்லோடர்னு ஒண்ணு இருக்கு. வாட்ச்மேன் மாதிரி. நான் புதுசா எழுதி அனுப்புறத உள்ள விடுறது அதுதான். அது இல்லன்னா நான் வெளிய நின்னு கத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"எல்லாச் சிப்புலயும் வாட்ச்மேன் இருப்பானா?"

"போர்டோட வர்றதுல இருப்பான். தனியா வாங்கினா வெத்துச் சிப்தான் வரும்."

"அடடா" என்றார் சாவிக்காரர்.

அடுத்த வாரம் மணி அடிக்கவில்லை. கதவைத் திறந்தாலும் மூடினாலும் போர்டு கல் மாதிரி கிடந்தது. நிரலைத் திரும்ப ஏற்றலாம் என்று பார்த்தால், கணினித் திரையில் சிவப்பெழுத்து வரிவரியாக இறங்கியது. சிப்பிடமிருந்து பதில் இல்லை, முதல் முயற்சி. பதில் இல்லை, இரண்டாம் முயற்சி. பத்து முறை கதவைத் தட்டிவிட்டுக் கணினி கைவிட்டது.

கேபிளை மாற்றினார். வேறு துளையில் செருகினார். போர்டின் வகையைத் தப்பாகத் தேர்ந்திருக்கிறோமோ என்று பார்த்தார். ரீசெட் பொத்தானை அமுக்கி, சரியான நொடியில் விட்டுப் பார்த்தார். சிப்பை மெல்ல நெம்பி வெளியே எடுத்து வைத்துவிட்டு, போர்டில் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் ஒன்றாக இணைத்து, கணினியில் 'பல்' என்று தட்டினார். 'பல்' என்றே திரும்பி வந்தது. அப்படியானால் கேபிள் சரி, போர்டு சரி. கோளாறு சிப்புக்குள்தான்.

சாவிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர் மாதிரி உச்சுக் கொட்டினார். "பாவம். நல்லாத்தானே இருந்துச்சு." அவர் மீசை ஓரத்தில் ஒரு துளி பிஸ்கட் தூள் இருந்தது.

பல்செட்டம்மா அதைப் பார்த்தார். சாவிக்காரர் கடைக்குப் போன பின், அடுப்பிலிருந்த போர்டைக் கழற்றி வந்தார். ஆரோக்கியமான போர்டைக் கொண்டு நோயாளி போர்டின் வாயில் நேரடியாகப் பூட்லோடரை ஊட்டலாம். அதற்கு ஆறு கம்பிகளும், நடுவில் ஆரோக்கியமான போர்டு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளாமல் இருக்க ஒரு கெப்பாசிட்டரும் போதும். எல்லாம் இணைத்துப் பொத்தானைத் தட்டினார். இந்த முறை சிப் பேசியது. ஆனால் கணினி முறைத்தது. நான் எதிர்பார்த்த கையொப்பம் வேறு, இந்தச் சிப் காட்டும் கையொப்பம் வேறு என்றது.

ஒவ்வொரு வகைச் சிப்புக்குள்ளும் பிறக்கும்போதே மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அதுதான் கையொப்பம். அது தேயாது, மாறாது. சிப் மாறினால்தான் மாறும்.

பல்செட்டம்மா பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டார். சிப்பின் முதுகில், எந்தக் கால் எதற்கு என்று அவரே எழுதி ஒட்டிய காகிதச் சீட்டு இருந்தது. அதன் ஒரு மூலை லேசாக எழும்பி நின்றது. பல் வரிசையில் முடியளவு கோணலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது போதாதா? சீட்டை உரித்தார். அடியில் பொறித்திருந்த எண் அதே எண்தான். ஆனால் கடைசியில் இருக்க வேண்டிய 'பி' என்ற எழுத்தைக் காணோம். அண்ணன் தம்பிச் சிப்புகள்; அளவு, கால், நிறம் எல்லாம் ஒன்று. ஒரேயொரு எழுத்துதான் வித்தியாசம்.

பாகக்கடைக்குப் போன் போட்டார்.

"அண்ணே, போன வாரம் எங்க வீட்டுக்காரர் அங்க வந்தாரா?"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. "வந்தாரேம்மா! இருபது வருஷமா கடை நடத்துறேன், இப்படி யாரும் கேட்டதில்ல. 'பார்க்க அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும், ஆனா வேலை செய்யக் கூடாது'ன்னார். வாட்ச்மேன் இல்லாததா வேணும்னு வேற சொன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. வெத்துச் சிப் ஒண்ணு கொடுத்து அனுப்பினேன்."

பல்செட்டம்மா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தார். பூட்டு நெம்பும் மெல்லிய கம்பியால் இருபத்தெட்டுக் காலில் ஒன்றுகூட வளையாமல் சிப்பை எடுத்து, சீட்டை உரித்து இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார் மனுஷன்! கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. ஆனால் சும்மா விடுவதா?

கணினியின் பட்டியலில் எதிர்பார்க்கும் கையொப்பத்தை மாற்றி எழுதினார். கணினி நம்பிவிட்டது. திருட்டுச் சிப்புக்குள் பூட்லோடர் ஏறியது. அதன் வழியே புது நிரலும் ஏறியது. இந்த நிரலில் மணி கிடையாது, விளக்கு கிடையாது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மத்தியானம் சாவிக்காரர் வந்தபோது போர்டு அலமாரியில் பழைய இடத்தில் இருந்தது.

"செத்தே போச்சுங்க" என்றார் பல்செட்டம்மா, குரலை உடைத்து. "கழட்டக்கூட மனசில்ல. அப்படியே கிடக்கட்டும்."

"கிடக்கட்டும், கிடக்கட்டும். மனசைத் தளர விடாதே" என்று சாவிக்காரர் ஆறுதல் சொன்னார். பிறகு ஒரு வாரம் வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேநீர் குடித்து முடித்ததும் பல்செட்டம்மா போர்டைக் கழற்றி வந்து, கணவரைக் கணினி முன்னால் உட்கார வைத்தார். முதலில் தான் மட்டும் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"கையொப்பம்னு ஒண்ணு இருக்குங்க, சிப்புக்கும். அதை உங்க கம்பியால நெம்ப முடியாது" என்று தொடங்கி, பாகக்கடைக்காரர் சொன்னதுவரை சொல்லி முடித்தார். சாவிக்காரர் முகம் வெளுத்தது. பல்செட்டம்மா பொத்தானைத் தட்டினார். திரையில் பட்டியல் இறங்கியது. மொத்தம் இருபத்து மூன்று முறை.

"இருபத்து மூணா? அடப்பாவி மனுஷா!"

சாவிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். பூட்டின் உள்ளே பல்லெண்ணுகிற அதே பொறுமை. விரல் நின்றது.

"திங்கட்கிழமை காலைல பதினொண்ணே கால்."

"ஆமா. அதுக்கென்ன?"

"பதினொண்ணே காலுக்கு நான் கடையில இருப்பேன்."

பல்செட்டம்மா திரையைப் பார்த்தார். திங்கள், பதினொன்றே கால். திங்கள், மூன்றே முக்கால். செவ்வாய், பதினொன்று பத்து. பிளாஸ்டர் ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் நேரங்கள். தேநீரோடு எப்போதாவது ஒன்று எடுப்பதுண்டு என்று அவருக்குத் தெரியும். எப்போதாவது என்பது வாரத்துக்குப் பதினாலு முறை என்று தெரியாது.

"எனக்கு ஒன்பது. உனக்குப் பதினாலு" என்று கணக்கைச் சொல்லிவிட்டுச் சாவிக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது... சிப் கோளாறு" என்றார் பல்செட்டம்மா. "நீங்க வாங்கிட்டு வந்த மட்டமான சிப்தானே? கடிகாரம் தப்பா ஓடியிருக்கும். சில சமயம் சிப் பாதி வேகத்துல ஓடும். அப்ப நேரமெல்லாம் தாறுமாறா ஆகிடும்."

"அப்படியா? பார்த்துடுவோமே. நொடிக்கு ஒரு தடவை விளக்கு எரியிற மாதிரி எழுதிக் கொடு."

மறுக்க வழியில்லாமல் எழுதிக் கொடுத்தார். சாவிக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போர்டின் பக்கத்தில் வைத்து, உதடு அசைய எண்ணினார். பல்செட்டம்மா நடுவில் இரண்டு முறை எண்ணிக்கையைக் குழப்பிப் பார்த்தார். பலிக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு அறுநூறு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

"தங்கமான சிப்" என்றார் சாவிக்காரர். அன்று மாலையே பாகக்கடைக்குப் போய், வேலை செய்யாது என்று சொல்லிக் கொடுத்த சாமான் பிரமாதமாக வேலை செய்கிறதே, இது என்ன வியாபாரம் என்று சண்டை பிடித்துவிட்டு வந்தார்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அவர் சும்மா இருக்கவில்லை. "இவங்களுக்கும் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டர்" என்று மனைவியை முன்னால் தள்ளினார். முடிவு வந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்திருந்தது பல்செட்டம்மாவின் சர்க்கரை. டாக்டர் இருவருக்கும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் சாவிக்காரர் அன்று மட்டும் கேலி செய்யவில்லை. வீட்டுக்கு வந்து டப்பாக்களை எடுத்துப் பையில் போட்டவர் அவர்தான். பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர் பல்செட்டம்மா.

பாகக்கடைக்காரர் இந்தக் கதையைத் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கைகால் வைத்துச் சொன்னதில், உயிர் போன போர்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பல்செட்டம்மா வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், தன் போர்டு நிரலை ஏற்கவே மாட்டேன் என்கிறது என்று வந்தார். பல்செட்டம்மா கேட்பதற்கு முன் சாவிக்காரர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு நாள் முன்னாடி வீட்ல ஏதாவது சண்டை நடந்துச்சா?"

கோழிப்பண்ணைக்காரர் திகைத்தார். "மச்சானோட கொஞ்சம்... இதை அவன்தான் கெடுத்துட்டான்னு. ஏன் கேக்கறீங்க?"

பல்செட்டம்மா போர்டைத் திருப்பினார். அனுப்பும் காலிலும் வாங்கும் காலிலும் ஒரு விசிறியின் கம்பி செருகியிருந்தது. அதனால்தான் கணினி சொன்னது உள்ளே போகவில்லை. அதைப் பிடுங்கியதும் நிரல் ஏறிவிட்டது.

"மச்சான் மேல தப்பில்ல. நீங்களே தப்பான இடத்துல செருகியிருக்கீங்க" என்றார்.

கோழிப்பண்ணைக்காரர் சற்று யோசித்தார். "அதை வீட்ல சொல்லாம இருக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.