தேவகியின் ஆடிஷனில் பாட்டு நின்ற இரண்டு விநாடி

பகல் மூன்று மணிக்கு நைட் கிளப் எப்படி மணக்கும் தெரியுமா? முந்தின நாள் சிகரெட், தரை துடைக்கிற எலுமிச்சை மருந்து, ஈரக் கார்பெட்... மூன்றும் சேர்ந்த ஒரு வாடை. விளக்கெல்லாம் போட்டிருந்ததால் சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது கூடத் தெரிந்தது. இதற்காகவா இவள் கைக்கு வந்த வேலையை விடப் போகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மலேசியாவில், சிரம்பானில் ஒரு கிளப். டிஜே வேலைக்கு ஆடிஷன். வந்தவள் தேவகி, துணைக்கு நான். இப்போது செண்டாயான் டவுன்ஷிப் இருக்கிற பக்கம்தான் அன்றைக்கு எங்கள் எஸ்டேட். அவள் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நான் யூனிவர்சிட்டி லீவில் வந்திருந்தேன். அவள் செனாவாங் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. சனி ஞாயிறில் எஸ்டேட் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுவாள். "படிச்ச புள்ள கூட வந்தா போ, இல்லாட்டி வேணாம்" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். அதனால் போனேன்.

அந்த வாரம்தான் ஃபேக்டரியில் அவளை லைன் லீடராக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். லைன் லீடர் என்றால் பதவி உயர்வு, கூடுதல் சம்பளம், ஆனால் இரவு ஷிஃப்ட். கிளப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

பஸ்ஸிலேயே சொன்னேன். "ஒழுங்கா அத எடுத்துக்க. டிஜேலாம் ஒரு வேலையாடி?"

"பேசாம வா லா. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

உண்மையிலேயே எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். காதில் ஹெட்ஃபோன், கண் கைக்கடிகாரத்தில். ஒரு நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று எண்ணி, சிடி கவரில் டேப் ஒட்டி எழுதி வைப்பாள். 96, 112, 124... எண் கிட்டக்கிட்ட இருக்கிற பாட்டுகள்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டுமாம். மூன்று மாதமாக ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பெட்டி முழுக்க அப்படி எண்ணி முடித்திருந்தாள். நான் எந்தப் பரீட்சைக்கும் அப்படி உட்கார்ந்ததில்லை.

அரை மணி நேரம் முன்னாடியே போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பையன்கள். அவர்கள் போட்டதையெல்லாம் இவள் தாளில் குறித்துக்கொண்டாள், அதே பாட்டை மறுபடி போட்டுவிடக் கூடாதென்று. இருவரும் எடுத்த எடுப்பிலேயே பெரிய ஹிட், முழுச் சத்தம். கிளப் மேனேஜர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையே நிமிரவில்லை.

"முதல் பாட்டுலயே எல்லாத்தையும் கொட்டிட்டான். இனிமே எங்க ஏறுவான்?" என்று என் காதில் சொன்னாள்.

"நீ மட்டும் என்ன செய்வ? ஆடுறதுக்கு ஒருத்தரும் இல்ல."

"அந்தக்கா இருக்காங்கல்ல."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அக்காவைத்தான் சொன்னாள். "முகத்தப் பாக்காத. முகம் மரியாதைக்குச் சிரிக்கும். காலப் பாரு."

அவள் முறை வந்தது. அடங்கின சத்தத்தில், 96-இல் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த அக்காவின் துடைப்பான் பாட்டோடு போக ஆரம்பித்தது... இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. தேவகி சத்தத்தை ஒரு நூல் ஏற்றினாள்.

பாட்டு முடிந்தது. அங்கேதான் தவறு.

எஸ்டேட் கல்யாணத்தில் டிஜே வேலை பாட்டுப் போடுவது மட்டும் இல்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மைக்கில் அறிவிப்பு செய்ய வேண்டும். சாப்பாடு தயார், பொண்ணு மாப்பிள்ளையோடு படம் எடுக்க வாங்க... ஐந்து வருடப் பழக்கம். மூன்று மாதப் பயிற்சியை மறந்து அவள் கை மைக்கைத் தேடிப் போய்விட்டது. இரண்டு விநாடி, கிளப்பில் சத்தமே இல்லை.

துடைப்பான் நின்றது. அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். மேனேஜரும் பார்த்தார்.

தேவகி யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த பாட்டைப் போட்டாள். அதற்கடுத்த நான்கும் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்ததும் மேனேஜர் கேட்டார். "ஏம்மா நடுவுல நிப்பாட்டின?"

"கல்யாணத்துல போட்டுப் பழக்கம்ண்ணே. நடுவுல அறிவிப்பு சொல்லணும்."

"என்ன அறிவிப்பு?"

"வெள்ளக் காடிய யாரோ வழியில நிப்பாட்டிட்டாங்க, வந்து எடுங்கன்னு."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அந்தப் பசங்க பாட்டு நின்னப்ப அந்தக்கா துடைக்கிற சத்தம் நிக்கவே இல்ல. உன் பாட்டு நின்னதும் வேலையே நின்னுபோச்சு. ஒரு மாசம் வந்து போடு, பாப்போம். மைக்கத் தொடக் கூடாது."

ஒரு மாதம்தான். உறுதி எதுவும் இல்லை. திரும்பி வரும்போதும் நான் லைன் லீடர் வேலையைத்தான் எடுக்கச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கட்கிழமை ஃபேக்டரிக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது என் இன்னொரு தோழியின் மகன் ஒருவன் டிஜே ஆக வேண்டும், எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்கிறான். பீட் எண்ணுவது, ஒட்டுவது எல்லாம் மெஷினே செய்துவிடுகிறது. பாட்டு நிற்கவே நிற்காது. நல்லதுதான். தேவகியும் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறாள். ஆனால் திரையைப் பார்ப்பது குறைவு, தரையை, அதில் ஆடுகிற கால்களைப் பார்ப்பதுதான் அதிகம். அவனிடம் இதைத்தான் சொன்னேன்.

நடந்ததை மிகைப்படுத்த எனக்குப் பிடிக்காது. அவளுக்குச் சுலபமாக ஒன்றும் அமையவில்லை. அவள் போட்டுக்கொண்டிருந்த இரண்டு கிளப்பை மூடிவிட்டார்கள். பிள்ளைகளின் பர்த்டே பார்ட்டிக்கெல்லாம் போட்டுத்தான் சில வருடங்களை ஓட்டினாள். அவளோடு வேலை செய்த லைன் லீடர்கள் அவளுக்கு முன்னாடியே வீடு வாங்கினார்கள். நான் அன்றைக்குச் சொன்னது தப்பான யோசனை இல்லை.

ஆனால் இத்தனை வருடத்தில், நாளைக்கு வேலைக்குப் போகணுமே என்று அவள் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. நான்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமும் அவளுக்குப் போன் பண்ணி அப்படி அலுத்துக்கொண்டிருக்கிறேன்...