வால்வா, டிரான்சிஸ்டரா

அந்த வருஷம் போனஸ் வந்ததும், தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஊரிகம் லைனில் எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ரேடியோ வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த ரேடியோ என்பதில்தான் சண்டை.

வால்வு ரேடியோ கட்சிக்குத் தலைவர் சித்தப்பா. மைனில் ஒயர்மேனுக்கு உதவியாளாக இருந்ததால், கரண்டில் ஓடும் எதையும் தன்னைக் கேட்காமல் வாங்கக்கூடாது என்று நினைப்பவர். வால்வு செட்டின் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும், ஸ்டேஷன் சரியாக விழுந்தால் பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டும் என்று சொன்னார். எனக்குப் பத்து வயது. பச்சைக் கண் என்றதுமே நான் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். டிரான்சிஸ்டர் கட்சியில் நைனா மட்டும்தான். ஆனால் பணம் அவர் பையில் இருந்தது. அம்மா எந்தப் பக்கமும் சேராமல், எது வந்தாலும் உறை தைக்கலாம் என்று பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள்.

நைனா சொன்ன காரணம் ராக் பர்ஸ்ட். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே எங்கள் அலமாரியில் பாத்திரங்கள் உருளும். உருண்டதை எடுத்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பிடுவோம்.

"ஒரு பர்ஸ்ட் வந்தா கண்ணாடி வால்வு அத்தனையும் நொறுங்கிப் பூடும். டிரான்சிஸ்டர்ல ஒடையறதுக்கு இன்னா கீது?" என்றார் நைனா.

அப்படிப் பார்த்தால் அண்ணி கண்ணாடி வளையல்கூடப் போடமுடியாதே என்று சித்தப்பா மடக்கினார்.

ராபர்ட்சன்பேட்டைக் கடையில் முதலில் வால்வு ரேடியோவைப் போட்டார்கள். அது சூடேற ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு பாட்டு கடை முழுக்க நிறைந்தது. தெருவில் போனவர்கள்கூட நின்றார்கள். பச்சைக் கண்ணும் சொன்னபடியே சிமிட்டியது. நைனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்தார். காதோடு ஒட்டிவைத்துச் சக்கரத்தைத் திருகினார். அவர் முகம் மலர்ந்தது. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"இத்தக் கட்டிக் குடுங்க" என்றார். சித்தப்பா எங்களை விட்டுவிட்டு முன்னால் வீட்டுக்கு நடந்தார். நான் இரவு சாப்பிடவில்லை.

வாங்கியதுதான் சின்னது, அதையும் நைனா ஒருவரே காதில் வைத்துக் கேட்டார். இவ்வளவு சுயநலக்கார மனிதரா என் அப்பா என்று பொருமினேன். ஞாயிற்றுக்கிழமை நாடகம் கேட்க என் சிநேகிதிகளை அழைத்திருந்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகும் ரேடியோ அவர் காதிலேயே இருந்தது. எனக்கு மானம் போனது. எழுந்து போய் அதைப் பிடுங்கினேன்.

"எல்லாருக்கும்தான வாங்கின? நீ மட்டும் கேட்டா எப்படி நைனா?"

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். நைனா தடுத்து, ரேடியோவை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

அது சிரிப்பு நாடகம். நாங்கள் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. நைனாவுக்கு ஜோக் புரிய நேரமாகிறது என்று சிநேகிதிகளிடம் கேலி செய்தேன். பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்தபடி அத்தனை வருஷம் நின்றவருக்குக் காது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் யோசித்ததில்லை. லைனில் எல்லா வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

நாடகம் முடியும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்மேல் உள்ள ஆசையில் பார்க்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துக் காட்டினேன்.