சாவி கைமாறிய வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக் காரைத் திருடன் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஆனாலும் என்னைப் போல் அக்கறையான காவல்காரியை வாடிப்பட்டியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு டயரும் இருக்கிறதா என்று எண்ணுவேன். தெருவில் புது ஆள் யாராவது பீடி பற்றவைக்க நின்றால்கூட, அவர் போகும்வரை முறைத்துக்கொண்டே நிற்பேன்.

கார் சித்தப்பாவுடையது. அப்பாவின் ஒரே தம்பி அவர். பழைய வெள்ளைக் கார்தான். வாங்கி இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. அதை வாடகைக்கு ஓட்டினார். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு அவசரமாகப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு எல்லாவற்றுக்கும் எங்கள் பகுதியில் சித்தப்பாதான். ஏறி உட்கார்ந்ததும் முன்னால் ஒட்டியிருக்கும் குட்டிப் பிள்ளையாரின் தொந்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம் பெல்ட். அதற்கப்புறம்தான் சாவி. காரைத் துடைக்கும்போது அதனோடு பேசிக்கொண்டே துடைப்பார்.

“பேசாம அதுக்கே தாலியக் கட்டிருங்க தம்பி” என்று அம்மா கேலி செய்வார்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள், தனியாக வந்துகொண்டிருந்தவர் காரை வாய்க்காலில் இறக்கிவிட்டார். நல்லவேளையாகப் பெரிய அடி இல்லை. கண் அசந்துவிட்டதாகச் சொன்னார்கள், நானும் நம்பினேன். மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டில் மாத்திரை டப்பா ஒன்று முளைத்தது. அப்பா கார் சாவியை வாங்கி, தன் இரும்புக் கடைச் சாவிக்கொத்தோடு சேர்த்து இடுப்பில் மாட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

“ஊருக்குள்ள காரு திருடுறாய்ங்க தாயி. அசந்தா தூக்கிட்டுப் போயிருவாய்ங்க” என்றார்.

அதோடு விட்டாரா? இல்லை. சித்தப்பா மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார். பிள்ளையாருக்குப் பின்னால் துளை போட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சுவிட்சை ஒளித்துவைத்தார்கள். அதை அமுக்காவிட்டால் வண்டி இருமும், கிளம்பாது. விக்கினம் தீர்க்கிற பிள்ளையாரையே விக்கினத்துக்குக் காவல் வைத்தவர் என் அப்பா. நான் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

“சுவிட்சு எங்க இருக்குன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சித்தப்பா கேட்டாலும் சொல்லக் கூடாது.”

“சித்தப்பாவா திருடன்?”

அப்பா திணறிப்போனார். “திருடன் எந்த வேசத்துல வேணாலும் வருவான் தாயி. சித்தப்பா மாதிரியே வந்து நின்னா நமக்கு எப்புடித் தெரியும்?”

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அப்பாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தை மீறினால் தலைக்கு உரியவரின் தலை வெடித்துவிடும் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆவணியில் சித்தப்பாவுக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் பெண் பார்த்திருந்தார்கள். பேசி முடிக்கிற மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பெண்ணின் போட்டோ சித்தப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. என்னிடம் மட்டும் நான்கு தடவை காட்டினார். நான்கு தடவையும் “அழகா இருக்காகள்ல?” என்று கேட்டார். நானும் சளைக்காமல் “ஆமா” என்றேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அப்பா தெருமுனையில் இருந்த தன் கடையில் இருந்தார். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு போனில் “அரை மணி நேரத்துல வந்துருவேண்ணே” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்து காரில் ஏறினார். மாற்றுச் சாவி ஒன்றை எங்கேயோ வைத்திருந்தார் போல. பிள்ளையாரின் தொந்தியைத் தொட்டார், பெல்ட் போட்டார், திருகினார். வண்டி இருமியது. மறுபடி திருகினார். மறுபடி இருமியது.

“பாப்பா, உங்கப்பா எங்கயோ சுவிட்சு வச்சிருக்காரு. எங்க இருக்கு?”

“எனக்குத் தெரியாது.”

“எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஜிகர்தண்டா வாங்கித் தாரேன்.”

“வேணாம்.”

“ரெண்டு வாங்கித் தாரேன்.”

எச்சிலை விழுங்கிக்கொண்டேன். அப்பாவின் தலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, காவல்காரி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“நீங்க நெசமாவே சித்தப்பாதானா?”

அவர் விழித்தார். திருடனின் வேசங்களைப் பற்றி அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, “அண்ணன் அப்புடியா சொன்னாரு” என்றார். ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“இது எம் வண்டி பாப்பா. இத ஓட்டலன்னா நான் எதுக்கு ஆவேன்? மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு ஞாயித்துக்கெழம கேப்பாங்கள்ல, என்னத்தச் சொல்ல?”

சித்தப்பாவின் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. ஒரு பக்கம் அப்பாவின் தலை, ஒரு பக்கம் சித்தப்பாவின் கண்ணீர். யோசித்துப் பார்த்தேன். சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம். அமுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி, பிள்ளையாருக்குப் பின்னால் கையை விட்டு அமுக்கினேன். சித்தப்பா திருகினார். கார் உறுமியது.

அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“எஞ் செல்லம்! சரி, எறங்கு. போயிட்டு வாரேன்.”

“மாட்டேன். திருடன் வந்தா? நானும் வருவேன்.” அவர் பழக்கிவிட்ட மாதிரியே பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

“வெளையாடாத, எறங்குத்தா.”

நான் அசையவில்லை. சித்தப்பா ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கார் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

“ஏன் சித்தப்பா?”

“நீ இருக்கேல்ல” என்றார்.

நான் காவல் இருக்கும்போது வண்டி எங்கேயும் போகாது என்று அவரும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். பெருமை தாங்கவில்லை.

போனில் சவாரி வேண்டாமென்று சொல்லிவிட்டு வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். மாத்திரை தூக்கம் வரவழைக்கிறது என்று இரண்டு நாளாக அதைச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கண் மேலே சொருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் அலறிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். அப்பா வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடி வந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை, கார்ச் சாவியோடு சேர்த்துப் பிடுங்கி எடுத்தார். இறுகிக் கிடந்த சித்தப்பாவின் விரல்களைப் பிரித்து உள்ளே திணித்தார்.

“புடிச்சுக்கடா தம்பி. புடிச்சுக்க. அண்ணன் இருக்கேன்டா.”

அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இரும்பில் ஒன்றும் இல்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள் போதும் என்று டாக்டர் பிற்பாடு அப்பாவைத் திட்டினார். அன்றைக்கு அதுவும் எனக்குத் தெரியாது, இதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா கடைசியில் மனமிரங்கி, சித்தப்பாவுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார் என்பதுதான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கூப்பிட்டு, காலையில் என்ன சத்தம் என்று கேட்டார். நல்ல சேதிதானே, சொன்னால் என்ன?

“எங்கப்பா சித்தப்பா கையில சாவியக் குடுத்துட்டாரு அத்த! கொத்தோட!”

“அடி ஆத்தி! கையிலயா?”

“ஆமா! வெரலப் பிரிச்சுக் குடுத்தாரு!”

அத்தை வாயில் கைவைத்துக்கொண்டார். சுவிட்சைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. சத்தியம் என்றால் சத்தியம். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது டி. கல்லுப்பட்டியில்.

சித்தப்பா அதற்குப் பிறகு கார் ஓட்டவில்லை. அப்பாவோடு கடையில் உட்கார்ந்தார். சில வருடங்கள் கழித்து, எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டு, சம்மதித்து வந்தவர்தான் என் சித்தி. இப்போது நான் கார் ஓட்டும்போது சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருகிறார்.

பெண் வீட்டார் வருவதாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா விடியற்காலையிலேயே கேசரி கிண்டினார். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது, யாரும் வரவில்லை. யாரோ போன் செய்தார்கள். அப்பா “சரிங்க, சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. சித்தப்பா கேசரிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அம்புட்டும் எனக்கா?”

“அம்புட்டும் ஒனக்குத்தான் பாப்பா.”

மூன்று கிண்ணம் தின்றேன். தின்றுகொண்டே, “அவுக வராததும் நல்லதுதான் சித்தப்பா” என்றேன்.

“ஆமா பாப்பா” என்று சொல்லி, முந்திரியை மட்டும் பொறுக்கி எடுத்து எனக்கு ஊட்டினார்.