திரி இல்லாத வெடி

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வாசலிலேயே சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டியோடு செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் யாரையும் உள்ளே விடுவார். அம்புட்டு உஷார்.

வீட்டு வயர்லெஸ் நெட்டுக்கு மட்டும் பாஸ்வேர்டு கிடையாது. தெருவுக்கே அன்னதானம்.

இன்று காலை என் லேப்டாப்பைத் திறந்தால், அந்த நெட் வழியாக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரே தெரிகிறது. உள்ளே, இந்தத் தீபாவளிக்கு அவர் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் புது லேபிள்: பைக் ஓட்டும் மயில்.

நான் வேலை பார்ப்பதோ அவருடைய போட்டிக் கம்பெனிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில். மனசாட்சி உறுத்தியது. லேப்டாப்போடு போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நெட்டைத் தொறந்து போட்டிருக்கீக. யாரு வேணும்னாலும் உள்ள வந்து உங்க ஃபைலை எடுக்கலாம்."

சிரித்தார். "ஒயரே இல்லையேப்பா! திரி இல்லாத வெடி எங்கன வெடிக்கும்?"

லேப்டாப்பைத் திருப்பி மயிலைக் காட்டினேன்.

"ஏலே! இது எப்பிடிலே ஒன்கிட்ட வந்துச்சு?"

"திரி இல்லாமத்தான் அண்ணாச்சி."

நான் சொல்லச் சொல்ல அப்போதே பாஸ்வேர்டு போட்டார். எழுத்துகளைத் தட்டும்போது மட்டும் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

ஆக, நல்லது செய்தாயிற்று. ஒரு வருடமாக நான் ஓசியில் ஓட்டிய நெட்டும் அத்தோடு போயிற்று. இதை பஸ் ஸ்டாண்ட் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருப் பக்கம் வேறு யாராவது நெட்டைத் திறந்து வைத்திருந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை எச்சரிக்க மாட்டேன்.