மில் சங்கு ஊதிய திங்கட்கிழமை

லிங்கராஜபுரத்தில் மேம்பாலம் கட்டுகிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டு, பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் எடுத்த போட்டோ அது. எடுத்தபோது நான் அங்கேதான் இருந்தேன், மில் கேட்டுக்கு எதிர் டீக்கடை ஓரமாக. போன ஞாயிற்றுக்கிழமை அதே போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, ஒரு காபிக் கடைச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்தேன்.

அந்தக் கடை இருப்பது, எங்கள் துணி மில் இருந்த இடத்தில் கட்டியிருக்கும் மாலில். என் பெண் கூட்டிப் போனாள். எனக்குப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பரைப் பார்த்து ஏறுவேன், அவ்வளவுதான். "கீழ என்னம்மா எழுதிக்கிது?" என்று கேட்டேன்.

"மில் மூடினதப் பத்தித் தெருவுல ஒரு ஷோ பண்ணாங்களாம். அதுல நடிச்சவர்னு போட்டிருக்குப்பா."

நடித்தவராம்! போட்டோவில் ஒரு கையில் டிபன் கேரியரும், இன்னொரு கையை நீட்டி யாரையோ அதட்டுகிற மாதிரியும் நிற்பவன் ஆண்டனி. என்னோடு ஒரே நாளில் மில்லுக்குள் போனவன். அவன் ஜென்மத்தில் நடித்ததில்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டிடையனாக நிற்கச் சொன்னதற்கே பயந்துபோய்ப் பொம்மனஹள்ளி மாமியார் வீட்டுக்கு ஓடியவன்.

அந்தக் கடையில் பால் காய்ச்சும் மெஷின் புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டால் எனக்குக் கஞ்சி டிபார்ட்மென்ட்தான் ஞாபகம் வருகிறது. நூலுக்குக் கஞ்சி போடும் இடம். ஆவியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. புளித்த மாவு வாசனை சட்டையை விட்டு, உடம்பை விட்டுப் போகாது. பஸ்ஸில் நாங்கள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். ஆண்டனி அதைப் பெருமையாகச் சொல்வான்: "பாத்தியா மச்சான், நமக்கு எப்பவும் சீட்டு கிடைக்கும்."

விஷயத்துக்கு வாங்கப்பா என்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் என் பெண். வருகிறேன். விஷயம் சங்கு.

மில் கூரைமேல் ஒரு சங்கு இருந்தது. பெரிய இரும்புச் சங்கு, ஆவியில் ஊதும். முதல் சங்குக்கு எழ வேண்டும், இரண்டாவதற்குத் தெருவில் இருக்க வேண்டும், மூன்றாவதற்குக் கேட் மூடிவிடும். ஏரியாவில் ஒரு வீட்டிலும் கடிகாரம் வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர்த் தகராறில் தமிழர்களை அடித்த கலாட்டாவின்போது ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. எங்கள் தெருவில் ஒருத்தர் வேலைக்குப் போகவில்லை. அப்போதும் சங்கு ஊதியது. கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டோம். இன்னும் எல்லாம் முடிந்துவிடவில்லை என்று ஒரு தைரியம்.

அதற்குச் சில வருஷம் கழித்து மில்லைப் பூட்டினார்கள். கேட் கூட்டத்தில் யூனியன் தலைவர் மைக்கில் சொன்னார்: "யாரும் பயப்படாதீங்க. மில்லு தொறந்தா சங்கு ஊதும். சங்கு ஊதின அன்னிக்கு வந்து நில்லுங்க." கைதட்டினோம். அவர் சொன்னதை அடுத்த மாதமே அவரும் மறந்தார், நாங்களும் மறந்தோம். ஆண்டனி மறக்கவில்லை.

நான் தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போனேன். என் பெண் வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் சல்யூட் அடித்தேன். வேறு சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். ஆண்டனி வீட்டில் இருந்தான். அவன் மனைவி லூர்து கார்மென்ட்ஸுக்குப் போய்த்தான் வீடு ஓடியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து, மில் காக்கியைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி ஆணியில் மாட்டுவான். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எவன்டா உன்ன கூப்புடப் போறான்?"

"சங்கு ஊதும் மச்சான். நீ போ, சல்யூட் அடி."

இந்த மனுஷனை வேறு வேலைக்குச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பேஜார் கொஞ்சமில்லை. பாதர் சொன்னார், லூர்து அழுதாள், நான் திட்டினேன். கடைசியில் அவள் பஸ்ஸில் மயங்கி விழுந்த பிறகுதான் சரி என்றான். எங்கள் செக்யூரிட்டி ஏஜென்சியில் சொல்லி, நீலச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை டூட்டி. நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று ஏற்பாடு.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதியது.

பொய்யில்லை. அதே சங்கு. நான் நீலச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் என் கை தன்னால் வேகமாகப் போட ஆரம்பித்தது. எங்கே லேட்டாகப் போகிறதாம்? கைக்கு என்ன அறிவு இருக்கிறது!

ஆண்டனி வீட்டுக்கு ஓடினேன். நீலச் சட்டை தரையில் கிடந்தது. ஆணியில் காக்கி இல்லை.

"அவரு மில்லுக்குப் போய்ட்டாருண்ணா" என்றாள் லூர்து. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நெஜமா தொறந்துட்டாங்களா?"

கேட் முன்னால் கூட்டம். காமிரா, வயர், குடைமாதிரி விளக்குகள். மில் மூடியதைப் பற்றிக் கலை செய்கிறார்களாம். பழைய இரும்புக் கடையில் கிடந்த சங்கைத் தேடி வாங்கி, ரிப்பேர் பண்ணி, லாரிமேல் ஏற்றி ஊதியிருக்கிறார்கள். எம்.ஜி. ரோடு பக்கம் இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டினார்களாம். சங்கு கேட்டு எழுந்த எங்கள் தெருவில் ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெடி வைப்பதற்குக்கூட முன்னால் ஒரு தடவை விசில் அடிப்பார்கள்!

நாடகக்காரப் பையன்கள் பத்துப் பேருக்குமேல் புதுக் காக்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆண்டனி அவர்களை மேலும் கீழும் பார்த்தான். ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. அவனுக்கு ஒரே அர்த்தம்தான்: பழைய ஆளை விட்டுவிட்டுப் புது ஆளை எடுத்துவிட்டார்கள்.

"ஏய், நீங்கல்லாம் பதிலியா? நான் பர்மனன்ட். கஞ்சி டிபார்ட்மென்ட். பின்னால போங்கடா!"

அந்தப் பையன்கள் பயபக்தியோடு பின்னால் போனார்கள். இதுவும் ஷோதான் என்று நினைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எடுத்ததுதான் போட்டோ. அந்த டிபன் கேரியரில் இருந்தது, செக்யூரிட்டி வேலைக்கென்று லூர்து கட்டிக் கொடுத்த புளிச்சோறு.

எனக்குப் பின்னாலேயே வந்த லூர்து, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒரு பெண்தான் அங்கே எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். லூர்து நேரே அவளிடம் போனாள்.

"ஏம்மா, ஊதினீங்களே, உள்ள வேலை இருக்கா?"

"வேலை இல்ல ஆன்ட்டி. இது ஆர்ட்" என்றது அந்தப் பெண். கெட்ட பெண் என்று சொல்லமாட்டேன். கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு சொன்னது: "அங்கிள் சூப்பரா பண்ணாரு. நாளைக்கும் வருவாரா?"

ஆண்டனி காதில் கடைசி வார்த்தைதான் விழுந்தது.

"நாளைக்கு எந்த ஷிஃப்ட்டும்மா?"

லூர்து அவன் கையைப் பிடித்து, தெருவோடு கூட்டிக்கொண்டு போனாள். தொம்மலூர் வேலைக்கு அன்றைக்கே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நான் எவ்வளவோ கெஞ்சினேன். அதற்கப்புறம் ஆண்டனி எங்கேயும் போகவில்லை. கேட் பக்கம்கூட. அந்தக் காக்கிச் சட்டையை லூர்து கிழித்து அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க வைத்துக்கொண்டாள். அவன் அதற்குமேல் இரண்டு மழைக்காலம் இருந்தான், போய்ச் சேர்ந்துவிட்டான்.

இப்போது மில் இல்லை. கஞ்சி வாசனை இல்லை. லூர்து மகனோடு ஓசூருக்குப் போய்விட்டாள். சங்கு எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பழைய காம்பவுண்டுச் சுவரில் ஒரு துண்டை விட்டுவைத்து அதற்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு எதற்கு விளக்கு?

காபிக் கடைப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். "ஓகே அங்கிள்" என்றான். அவன் வேலை அவனுக்கு.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்தக் கடைக்குப் போனால், பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கை நீட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர் பெயர் ஆண்டனி. கஞ்சி டிபார்ட்மென்ட். பர்மனன்ட். நடிக்க வரவில்லை, டூட்டிக்கு வந்தார்.